மஞ்சள் கடிதாசியும் மாலுமியின் கூலியும்

தோழரே,

ஒரு கம்பெனி கவிழ்ந்தது என்று கேள்விப்பட்டால் நம்மூர்த் திண்ணையிலே ஒரே வாசகத்தில் சொல்லி முடித்துவிடுவார்கள்: "மஞ்சள் கடிதாசி கொடுத்துவிட்டான்!" கொடுத்தவன் யார் என்பது ஊருக்குத் தெரியும். பெற்றவர் யார் யார்? கடன் தந்த வங்கி பெற்றது. சரக்குத் தந்த வணிகர் பெற்றார். வாடகைக்கு இடம் தந்தவர் பெற்றார். மாதம் முழுவதும் உழைத்துவிட்டு, முப்பதாம் நாள் மாலையில் கூலிக்காகக் காத்து நின்றானே, அவன்? அவனும் கடன் தந்தவன்தான், தோழரே! முப்பது நாள் உழைப்பை முன்னதாகவே கொடுத்துவிட்டு, பிறகு கையை நீட்டுகிறவன். வட்டி கேட்காமல், ஈடு கேட்காமல், பத்திரம் எழுதி வாங்காமல் கடன் தந்த வள்ளல், இந்த உலகத்திலே அவன் ஒருவன்தான். அவனுக்கு மஞ்சள் கடிதாசியின் எந்த வரியிலே இடம்?

அதைத்தான் இன்று பேச எண்ணுகிறேன். பேசுவதற்கு விமானிகளின் கதையை எடுத்துக்கொள்கிறேன்.

புருவத்தை உயர்த்துகிறீர். "இராயபுரத்திலே உட்கார்ந்துகொண்டு ஆகாயத்தைப் பற்றி எழுதுகிறீரே! எண்ணூரில் சாம்பல் பறக்கிறது, திருவொற்றியூரில் ஆலைச் சங்கு ஓய்ந்த இடத்தில் அடுக்குமாடி எழும்புகிறது. இலட்சக்கணக்கில் சம்பளம் பெறும் விமானிக்கா நம் கண்ணீர்?" என்று கேட்பீர். கேள்வி நியாயமானதே. ஆனால் எண்ணிப் பாரும். கையிலே தொப்பி, தோளிலே பட்டை, பேச்சிலே ஆங்கிலம், பேரம் பேசச் சங்கம், வாதாட வழக்கறிஞர், இத்தனையும் உடையவனையே கம்பெனி கவிழ்ந்த நாளில் வாசலுக்கு வெளியே நிறுத்த முடிந்தது என்றால், கையிலே சம்பளச் சீட்டுகூட இல்லாத நம் ஒப்பந்தத் தொழிலாளியின் கதி என்ன?

ஜெட் ஏர்வேஸ் என்றொரு விமான நிறுவனம். நரேஷ் கோயல் தொடங்கியது. 1993 மே 5ஆம் நாள் பறக்கத் தொடங்கியது. கால் நூற்றாண்டு பறந்தது. நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள். 2018 ஆகஸ்டிலே நிர்வாகம் விமானிகளை அழைத்து, சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுங்கள் என்றது. அவர்கள் மறுத்தார்கள். 2019 பிறந்தது, விமானிகளுக்கும் பொறியாளருக்கும் சம்பளமே நின்றது. நேஷனல் ஏவியேட்டர்ஸ் கில்ட் என்பது அவர்களுடைய சங்கம். ஏறத்தாழ 1,100 விமானிகள் அதில் உறுப்பினர். மார்ச்சிலே கூடித் தீர்மானம் போட்டார்கள்: பணம் வராவிட்டால் ஏப்ரல் 1 முதல் பறப்பதில்லை!

மார்ச் 25இல் கோயல் இயக்குநர் குழுவை விட்டு விலகினார். ஸ்டேட் வங்கியின் தலைமையிலே வங்கிகள் கூடி 1,500 கோடி ரூபாய் தரப்போவதாக ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. சங்கம் நம்பியது. கெடுவை ஏப்ரல் 15க்குத் தள்ளி வைத்தது. 14ஆம் நாள் மறுபடியும் தள்ளி வைத்தது. "20,000 பேருடைய வேலையைக் காப்பாற்றுங்கள்" என்று பிரதமருக்கு வேண்டுகோள் விடுத்தது. பணம் வரவில்லை. ஏப்ரல் 17 இரவு, அமிர்தசரசிலிருந்து மும்பைக்குக் கிளம்பிய விமானமே கடைசி விமானமாயிற்று.

இரண்டு முறை வாளை உருவினார்கள், இரண்டு முறையும் உறையிலே போட்டார்கள். கோழைத்தனமா? அல்ல. வேலைநிறுத்தம் என்னும் வாள், இலாபம் ஓடுகிற கம்பெனியின் முன்னாலே பளபளக்கும். கவிழ்கிற கம்பெனியின் முன்னாலே அது நாங்கள் நாடக மேடையிலே வீசுகிற அட்டைக்கத்தி. "நீ நிறுத்தினால் நானே மூடிவிடுவேன், பழியும் உன்மேல் விழும்" என்று முதலாளி சொல்லக்கூடிய நேரம் அது. விலகிப் போகலாமே என்பீர். அதற்கும் ஒரு பூட்டு இருந்தது. விமானத்தின் தலைவராக இருப்பவர் வேலையை விடவேண்டுமென்றால் ஓராண்டு முன்னறிவிப்புத் தரவேண்டும் என்று 2017இலே விதி செய்திருந்தார்கள். விமானி ஓராண்டு முன்னதாகச் சொல்லவேண்டும். சம்பளத்தை நிறுத்தும் முதலாளியோ முதல் நாள்கூடச் சொல்லவேண்டியதில்லை!

2019 ஜூன் 20இல் மும்பையிலுள்ள தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் திவால் மனுவை ஏற்றது. அதன் பிறகு நடந்ததை ஒரு காட்சியாகவே சொல்லிவிடுகிறேன். நாடகக்காரனின் கை சும்மா இராது.

இடம்: கடன் தந்தோர் குழு கூடும் மண்டபத்தின் வாசல். விமானி வருகிறார். காவலாள் தடுக்கிறார்.

காவலாள்: தாங்கள் யார்?

விமானி: கடன் தந்தவன்.

காவலாள்: நிதிக் கடனா? செயல்பாட்டுக் கடனா?

விமானி: உழைப்புக் கடன்.

காவலாள்: அப்படியொரு வகை பட்டியலிலே இல்லை. செயல்பாட்டுக் கடன் என்று எழுதிக்கொள்கிறேன். மொத்தக் கடனிலே நூற்றுக்குப் பத்தாவது உண்டா, உங்கள் வகையார் எல்லாருக்கும் சேர்த்து?

விமானி: உண்டென்றால்?

காவலாள்: பிரதிநிதி உள்ளே போகலாம். நாற்காலி உண்டு.

விமானி: வாக்கு?

காவலாள்: நாற்காலி உண்டு என்றுதானே சொன்னேன்!

காட்சி என் கற்பனை. காவலாளின் வசனத்தை எழுதியது நானல்ல. 2016ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நொடிப்பு, திவால் சட்டத் தொகுப்பு. நிதிக் கடன் தந்தோர் மட்டுமே குழுவிலே வாக்களிப்பர். அவர்களில் நூற்றுக்கு 66 பங்கு வாக்கு இருந்தால், கம்பெனியை யாரிடம் ஒப்படைப்பது, எத்தனை பேரை வைத்துக்கொள்வது, பழைய பாக்கியில் எத்தனை காசு கொடுப்பது என்னும் திட்டம் நிறைவேறிவிடும். பத்து ஆண்டு விமானம் ஓட்டியவனுக்கு அந்த மண்டபத்திலே கை தூக்கும் உரிமை கிடையாது. அவனோடு பேசித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயமும் யாருக்கும் கிடையாது.

பட்டம் பெறாமலே கல்லூரிப் படியை விட்டு இறங்கியவன் நான். சட்டப் புத்தகத்தை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன். அப்படிப் படிக்கிறவனுக்குத்தான் சில நேரம் எழுத்துக்களுக்கு இடையே உள்ள பள்ளம் தெரிகிறது. கம்பெனி பிழைக்காமல் கலைக்கப்பட்டால், விற்ற பணத்தை எந்த வரிசையிலே பங்கிடுவது என்று 53ஆம் பிரிவு கூறுகிறது. முதலிலே திவால் நடவடிக்கையின் செலவு. அடுத்து, ஈடு வைத்திருந்த வங்கிகளும், தொழிலாளரின் 24 மாதப் பாக்கியும் சரிசமமாக. சரிசமம்! கேட்க இனிக்கிறது. 24 மாதத்தை எந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவது? கலைப்புத் தொடங்கிய நாளிலிருந்து. ஜெட் ஏர்வேசைக் கலைக்கும்படி உச்சநீதிமன்றம் உத்தரவிட்ட நாள் 2024 நவம்பர் 7. சட்டத்தின் எழுத்தை அப்படியே வைத்து விரல்விட்டு எண்ணினால் 2022 நவம்பரிலே வந்து நிற்கும். சம்பளம் நின்றதோ 2019இலே! ஐந்தாண்டுக்கு மேல் புதிய உரிமையாளர் யார் என்று வழக்காடினார்கள்; 2021இலே ஒரு கூட்டணியின் திட்டத்துக்கு ஒப்புதல்கூட வந்தது; பயணியர் ஏறிய விமானம் ஒன்றும் பறக்கவில்லை. வழக்கு வளர வளர, கூலி நிலுவை காலக்கணக்கின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே போகிறது. அதுவும் "தொழிலாளி" என்ற சொல்லுக்குள் அடங்குபவருக்குத்தான் 24 மாதம். மற்ற ஊழியருக்கு 12 மாதம், ஒரு படி கீழே. விமானி தொழிலாளியா, மேல்மட்ட ஊழியரா என்பது நீதிமன்றங்களிலே பல காலமாக நடக்கும் வாதம்.

ஒன்று மட்டும் கிடைத்தது. வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் பங்கிடும் சொத்திலே சேராதவை. அவற்றை முழுமையாகத் தரவேண்டும் என்று 2022 அக்டோபரிலே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறியது. 2023 சனவரியிலே உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. வாசலிலே நிறுத்தப்பட்டவர்கள் சங்கமாகத் திரண்டு வழக்காடியதால் வந்த தீர்ப்பு அது. தானாக வந்ததல்ல.

இப்போது கொஞ்சம் நம் கடற்கரைக்கு வாரும்.

துறைமுகத்துக்கு எதிரே உயர்நீதிமன்றம். அதன் உச்சிக் கோபுரத்திலே 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. கப்பலுக்கு வழி காட்டிய விளக்கும், கப்பலின் மீது வழக்குத் தொடுக்கும் மன்றமும் ஒரே கட்டடம்! எந்த ஊரிலே இந்தப் பொருத்தம்? விளக்கு மெரினாவுக்குப் போய்விட்டது. வழக்கு இன்னும் அங்கேதான் நடக்கிறது. கப்பல் முதலாளி கைவிட்டுப் போனான் என்று வைத்துக்கொள்ளும். மாலுமிகளுக்குச் சம்பளம் இல்லை. அவர்கள் முதலாளியைத் தேடிப் பனாமாவுக்கும் லைபீரியாவுக்கும் ஓடவேண்டியதில்லை. கப்பலையே பிடிக்கலாம்! நீதிமன்றம் ஆணையிட்டால் கப்பல் நங்கூரத்தோடு நிற்கும். விற்றால், 2017ஆம் ஆண்டுக் கடல்சார் வழக்குச் சட்டத்தின்படி, கப்பலின் மீதுள்ள உரிமைகளிலே முதல் வரிசையில் நிற்பது தலைவன் முதல் கடைநிலை மாலுமி வரை எல்லாருடைய சம்பளமும். ஊர் திரும்பும் வழிச்செலவும் அதிலே சேரும். கப்பலை அடமானம் பிடித்த வங்கி, அதற்குப் பின்னால்! மற்ற உரிமைகளுக்கு ஓராண்டு தவணை. மாலுமியின் கூலிக்கு ஈராண்டு.

இதுவும் வானத்திலிருந்து விழுந்த வரமல்ல. ஒரு காலத்திலே ஆங்கிலேயர் சட்டம் என்ன சொன்னது தெரியுமா? சரக்குக் கட்டணம் கிடைத்தால்தான் மாலுமிக்குக் கூலி. கப்பல் மூழ்கினால் கூலியும் மூழ்கும் என்றது. உயிரைப் பிடித்துக்கொண்டு கரையேறியவனுக்குக் கையிலே ஒன்றுமில்லை. 1854இலேதான் அந்த விதியை அங்கே எடுத்தெறிந்தார்கள். இன்றைக்கு உலகக் கடல்தொழிலாளர் உடன்படிக்கை ஒன்று உண்டு. 2006இலே உருவானது, இந்தியா 2015இலே ஏற்றது. கைவிடப்பட்ட மாலுமிக்கு நான்கு மாதச் சம்பளம் வரையிலாவது கிடைக்கும்படி கப்பல் முதலாளி முன்கூட்டியே காப்பீடு வைத்திருக்கவேண்டும் என்னும் விதி 2017 சனவரி முதல் அதிலே நடப்புக்கு வந்தது.

காசிமேட்டுக்குப் போய்க் கேட்டால் இதை இன்னும் எளிதாகச் சொல்வார்கள். மீனை விற்றார்கள், டீசலுக்கும் ஐசுக்கும் கழித்தார்கள், மிச்சத்தைப் படகுக்காரருக்கும் ஆட்களுக்குமாகப் பங்கு வைத்தார்கள். அந்தக் கணக்கிலே ஆயிரம் சச்சரவு உண்டு. ஆனால் கடலுக்குப் போனவனுடைய பங்கைப் பார்க்காமல் யாரும் கணக்கை மூடிவிட முடியாது.

நீரிலே ஓடும் கப்பலுக்கு ஒரு நீதி. காற்றிலே ஓடும் கப்பலுக்கு? குத்தகைக்கு விமானம் கொடுத்தவர், தவணை தவறினால் விமானத்தைத் திரும்ப எடுத்துச் செல்ல, 2001ஆம் ஆண்டுக் கேப் டவுன் உடன்படிக்கை வழி செய்தது. இந்தியா 2008இலே அதிலே சேர்ந்தது. திவால் நேரத்திலும் விமானங்களைத் தடுத்து நிறுத்தும் தடையாணை செல்லாது என்று 2023 அக்டோபரிலே அறிவிக்கை வந்தது. 2025இலே அதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. மறுபக்கத்தையும் சொல்லிவிடவேண்டும்: சேரும்போது இந்தியா ஒரு குறிப்பு எழுதி வைத்தது. குத்தகை தவறியதாக அறிவிக்கப்பட்ட பிறகு ஏறும் ஊழியர் சம்பளத்துக்கு விமானத்தின் மீது முன்னுரிமை உண்டு என்பது அந்தக் குறிப்பு. அறிவிக்கப்பட்ட பிறகு! அதற்கு முந்திய மாதங்களின் பாக்கி? அதற்கு இடமில்லை. ஆக, விமானம் பறந்து போய்விடும். விமானி தரையிலே நிற்பார்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது பழமொழி. வங்கி பந்திக்கு முந்துகிறது. படைக்கு முந்தி நின்றவன் பந்தியிலே கடைசி இலை.

வேறு நாட்டிலே என்ன நடந்தது? அமெரிக்காவிலே கான்டினென்டல் என்றொரு விமானக் கம்பெனி. பிராங்க் லொரென்சோ என்பவர் தலைவர். 1983 செப்டம்பர் 24இலே திவால் மனுப் போட்டார். கம்பெனி மூழ்கிவிட்டதா? இல்லை, மூன்றே நாளில் மறுபடி பறந்தது! 12,000 பேரிலே மூன்றிலொரு பங்கினரை மட்டும் அழைத்துக்கொண்டு, ஏறத்தாழப் பாதிச் சம்பளத்திலே! சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தைக் கிழித்தெறிவதற்கென்றே மஞ்சள் கடிதாசியைக் கத்தியாகப் பிடித்தார். அக்டோபர் 1இலே விமானிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள், ஈராண்டு நடந்தது. கிழித்தது தவறல்ல என்னும் போக்கிலே வேறொரு வழக்கில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1984 பிப்ரவரியிலே தீர்ப்புக் கூறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. அதே ஆண்டு ஜூலையிலே சட்டம் திருத்தப்பட்டது. திவாலான கம்பெனி சங்க ஒப்பந்தத்தைத் தானாகக் கைவிடக்கூடாது. முதலில் கணக்கைக் காட்டவேண்டும், நல்லெண்ணத்தோடு சங்கத்தோடு பேசவேண்டும், பேச்சு முறிந்தால்தான் நீதிபதியிடம் போகலாம் என்றது திருத்தம்.

பூரணப் பாதுகாப்பல்ல அது. 2011 நவம்பர் 29இலே அமெரிக்கன் ஏர்லைன்ஸ், கையிலே நானூறு கோடி டாலருக்கு மேல் வைத்துக்கொண்டே திவால் மனுப் போட்டது. 2012 ஆகஸ்டிலே நிர்வாகத்தின் கடைசி ஒப்பந்தத்தை விமானிகள் வாக்கெடுத்து நிராகரித்தார்கள். செப்டம்பரிலே நீதிபதி பழைய ஒப்பந்தத்தை ரத்துச் செய்ய அனுமதித்துவிட்டார். தோற்றார்களா? பொறும். அதற்கு முன்பே, ஏப்ரலிலே, சங்கம் ஒரு காய் நகர்த்தியிருந்தது: போட்டிக் கம்பெனியான யு.எஸ். ஏர்வேசோடு, "நீங்கள் இதை இணைத்துக்கொண்டால் எங்களுக்கு இன்ன நிபந்தனை" என்று முன்னதாகவே பேசி முடித்திருந்தது! டிசம்பரிலே புது ஒப்பந்தத்துக்கு விமானிகள் வாக்களித்தார்கள். மறுசீரமைந்த கம்பெனியின் பங்கிலே 13.5 விழுக்காடு விமானிகளுக்கு என்பது அதிலே ஒன்று. 2013 டிசம்பரிலே இணைப்பு நடந்தது. பேச உரிமை இருந்த இடத்திலே, தோற்ற வழக்குக்குப் பிறகும் பேரம் உயிரோடிருந்தது. ஜெட் ஏர்வேசின் விமானிகளுக்கும் சங்கம் இருந்தது, துணிவும் இருந்தது. இல்லாதது அந்த மேசை.

"ஒப்பந்தம்" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பின்னி ஆலை நினைவுக்கு வருகிறது. 1918 ஏப்ரல் 27இலே நம் வடசென்னை மண்ணிலே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியார், இராமாநுசலு நாயுடு, பி.பி. வாடியா, திரு.வி.க. ஆகியோர் அதை வளர்த்தார்கள். 1920–21இலே ஆலை முதலாளிகள் அச்சங்கத்தலைவர்கள் மீது உயர்நீதிமன்றத்திலே வழக்குப் போட்டு, தடையாணை பெற்றார்கள். குற்றச்சாட்டு என்ன? தொழிலாளரை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்பது! தொழிலாளி மீறினால் ஒப்பந்தம் புனிதமான பொருள். நஷ்டஈடு கட்டு என்றார்கள். முதலாளி மீறும்போது மட்டும் ஒப்பந்தம் பழைய காகிதமாகிவிடுகிறது. கடன் தந்தோர் குழு அதைக் கூட்டிக் குப்பையிலே போடுகிறது. 1926இலே தொழிற்சங்கச் சட்டம் வந்து தலைவர்களுக்குக் காப்பு அளித்தது. அந்தப் பின்னி ஆலையும் 1996இலே மூடப்பட்டது. அதன் வாசலிலே பாக்கிக்காக நின்றவர்களின் பிள்ளைகள் உம் வட்டத்திலே இருப்பார்கள், கேட்டுப் பாரும்.

இனி, நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு வேதனை. எண்ணூரிலும் மணலியிலும் துறைமுக வாசலிலும் வேலை செய்பவரிலே பெரும்பாலோர் கம்பெனியின் ஆட்களல்லர், ஒப்பந்தக்காரரின் ஆட்கள். கம்பெனி கவிழ்ந்தால், கம்பெனிக்குக் கடன் தந்தவர் பட்டியலிலே ஒப்பந்தக்காரர் பெயர்தான் ஏறும். நம் தோழன் அந்தப் பட்டியலின் நிழலிலே நிற்பவன். விமானிக்குக் கடைசி இலையாவது உண்டு. இவனுக்குப் பந்தியே தெரியாது. ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் மூல முதலாளி தரவேண்டும் என்று 1970ஆம் ஆண்டுச் சட்டம் எழுதியது. மூல முதலாளியே மஞ்சள் கடிதாசி கொடுத்துவிட்டால் யாரிடம் போவது?

ஆகவே கேட்கவேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். கடன் தந்தோர் குழுவிலே தொழிலாளர் பிரதிநிதிக்கு வாக்கு வேண்டும். சங்கத்தோடு பேசாமல் எந்தத் திட்டமும் தீர்ப்பாயத்தின் முன் வரக்கூடாது. பாக்கியைக் கலைப்பு நாளிலிருந்தல்ல, கூலி நின்ற நாளிலிருந்து எண்ணவேண்டும். மாலுமிக்கு உள்ள நான்கு மாதக் காப்பீடு விமானிக்கும், சுமை ஏற்றுபவருக்கும், ஆலைத் தொழிலாளிக்கும், ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் வேண்டும். வங்கிகள் கடன் தரத் தயங்கும் என்று பொருளாதார மேதைகள் பயமுறுத்துவார்கள். கப்பலுக்கு வங்கிகள் கடன் தராமலா இருக்கின்றன?

சட்டம் மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. சங்கமே தன் உறுப்பினர்களுக்காகத் திவால் மனுத் தொடுக்கலாம் என்று, ஜெட் விமானங்கள் தரை தட்டிய அதே 2019 ஏப்ரலின் 30ஆம் நாள், ஒரு சணல் ஆலைத் தொழிலாளர் வழக்கிலே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனித்தனியே வழக்காட வசதியில்லாத ஆயிரம் பேரின் பாக்கியை ஒரே மனுவாக்கலாம். வேறு யாரோ மனுத் தொடுத்துத் திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டால், செய்தித்தாளிலே பொது அறிவிப்பு வரும். உரிமை கோர அதிலே குறிக்கும் தவணை பதினான்கு நாள். தொழிலாளி தானே தருவதற்கு 'டி' படிவம். எல்லாருக்கும் சேர்த்துச் சங்கப் பிரதிநிதி தருவதற்கு 'ஈ' படிவம். அந்தப் பதினான்கு நாளிலே வேலைநியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் பரண்மீது தேடினால் கிடைக்காது.

ஒவ்வொரு படிப்பகத்திலும் ஒரு பெட்டி வையும். வட்டத்திலுள்ள ஒவ்வொரு தொழிலாளியின் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கின் பதிவு, வைப்பு நிதி எண் ஆகியவற்றின் நகலை வாங்கிப் பெயர் எழுதி அடுக்கும். சீட்டே தராத ஒப்பந்தக்காரர் யார் யார் என்று தனித் தாளிலே குறித்து வையும். வாயிற் கூட்டத்துக்கு நான் வரும்போது அந்தத் தாளை முதலிலே என் கையில் கொடும்.